கரண்டி மூக்கு

அந்த அம்மாள் கொடுத்தனுப்பினாளா? டப்பாவை அப்படி வரப்பில் வையுங்கள் சார். நான் தொட மாட்டேன்.

என்ன சொல்லிக் கொடுத்தாள்? "அந்தக் கோடியில உக்காந்திருக்காரே பெரியவர், அவர்கிட்ட குடுத்துடுங்க" என்றாளா? பெரியவர்! கட்டின புருஷனுக்கு வைத்த பெயர் பெரியவர். கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் தாண்டி வந்தீர்களே, மதகடியில் கறுப்புக் குடையை விரித்து, முக்காலியில் பெரிய ஸ்கோப்பை மாட்டிக்கொண்டு, உப்பளத்தையே விலைக்கு வாங்கின மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என் மனைவி. தவமணி. தையல் டீச்சர். அதே பள்ளிக்கூடத்தில் நான் டிராயிங் மாஸ்டர். வைரக்கண்ணு. பெயரிலேயே கண் இருக்கிறது, கவனித்தீர்களா? அப்படிப்பட்டவனைப் பார்த்து ஊரே சிரிக்கும்படி பண்ணியவள் அவள்.

உட்காருங்கள், சொல்கிறேன். உங்கள் கழுத்தில் பைனாகுலரைப் பார்த்ததுமே நினைத்தேன், ஆள் அகப்பட்டான் என்று. கோடியக்கரை பஸ்ஸில் வந்து அகஸ்தியம்பள்ளியில் இறங்கி, இந்தப் பங்குனி வெயிலில் உப்பள வரப்பில் நடக்கிறவன் இரண்டே வகை. உப்பு வாருகிறவன் ஒரு வகை. புத்தி பேதலித்தவன் இன்னொரு வகை. நீங்கள் உப்பு வாருகிறவராகத் தெரியவில்லை.

ஐயையோ, காலை அங்கே தொங்கப் போடாதீர்கள். கீழே உளை. த்தூ! அந்த நாற்றத்தைப் பாருங்கள். அழுகின முட்டையைக் கூவத்தில் அவித்த மாதிரி. ரிட்டயர் ஆனதிலிருந்து இங்கே வருகிறேன், ஒரு நாள் அந்தச் சேற்றில் கால் வைத்ததில்லை. சேற்றில் புழு. புழுவைத் தின்ன ஒரு பறவை. அந்தப் பறவையை வாயைப் பிளந்து பார்க்க ஒரு மனிதன். எல்லாமே குமட்டல். அவள் இறங்குவாள் சார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் மட்டும் இறங்குவாள். அந்தக் காலோடு வீட்டுக்கு வந்து, "ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க" என்பாள். ஊற்றுவேன். மூக்கைப் பொத்திக்கொண்டு ஊற்றுவேன்.

அது பொங்கலுக்கு முந்தின கதை. இப்போது அவள் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். விடிந்தால் அவள் மதகடி, நான் இந்தக் கோடி. நடுவே உப்பளம். பேச்சு வார்த்தை கிடையாது. இன்றைக்கு மத்தியானம் திருச்சியிலிருந்து எங்கள் மகள் பொற்கொடி காரில் வருகிறாள், அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போக. ஆபரேஷன் ஆனால் திரும்பி வர வேண்டியதுதானே? வர மாட்டாளாம். மகளிடம் போனில் சொல்லிவிட்டாளாம்: "உங்கப்பா ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், வீட்டுக்கு வர்றேன். சொல்லலேன்னா உன்கூடவே இருந்துடறேன்."

என்ன வார்த்தை தெரியுமா? சேறு.

அவ்வளவுதான். சேறு. சொல்வேனா நான்? இந்தத் தலை போனாலும் சொல்ல மாட்டேன். இப்போது சொன்னது சேர்த்தியில்லை சார். அது உங்களுக்கு விளக்கத்துக்காகச் சொன்னது.

அந்தப் பாத்தியைப் பாருங்கள். என்ன தெரிகிறது? பொடிப் பொடியாக, பழுப்பாக ஏதோ ஓடுகிறதா? அதுதான் உள்ளான். உள்ளான் என்றால் என்ன? அவித்த கடலைக்கு மூக்கும் காலும் முளைத்தால் உள்ளான். ஆயிரம் இருக்கும் அங்கே. ஆயிரத்துக்கும் ஒரே மூஞ்சி. மயிலைப் பாருங்கள், கொக்கைப் பாருங்கள், கடவுள் உட்கார்ந்து யோசித்து வரைந்திருக்கிறான். இதுகளை வரைந்தபோது அவனுக்கும் ரிட்டயர்மெண்ட் வந்திருக்கும். தட்டில் மிச்சமிருந்த சாயத்தையெல்லாம் ஒன்றாகக் கலந்தால் என்ன வரும்? அழுக்கு. அதைத் தொட்டுத் தொட்டு ஒரே பறவையைப் பத்து ஜாதியாக வரைந்து, "கண்டுபிடிடா மனிதப் பதரே" என்று கடற்கரையில் கொட்டிவிட்டுப் போய்விட்டான்.

இதில் கண்டுபிடிக்கிறேன் என்று ஒரு கூட்டம் அலைகிறது பாருங்கள், வாந்தி வருகிறது. மூக்கு நேராக இருந்தால் இது, நுனி மட்டும் தொங்கினால் அது. கால் மஞ்சளாக இருந்தால் ஒரு ஜாதி, கறுப்பாக இருந்தால் கொசு உள்ளான். கொசு உள்ளான்! பெயரைப் பாருங்கள். வைத்தவனுக்காவது வெட்கம் வேண்டாமா? அத்தனை சின்னது. போன வருஷம் ஒரு நண்டு ஒரு கொசு உள்ளானைத் தன் பெண்டாட்டி என்று நினைத்துப் பொந்துக்குள் இழுத்துக்கொண்டு போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். மறுநாள் காலையில் அது வெளியே வந்து பக்கவாட்டில் நடந்தது சார். சிரிக்காதீர்கள். பூநாரை கதை கேட்டால் என்ன சொல்வீர்களோ. ஒரு பூநாரை ஒற்றைக் காலில் நின்றபடி தூங்கிப்போய், அந்தக் காலைச் சுற்றி உப்பு பூத்துவிட்டது. சுரண்டிக்கொண்டு போய் ரசத்தில் போட்டோம். இளஞ்சிவப்பு ரசம். தவமணியைக் கேளுங்கள். வேண்டாம், அவளைக் கேட்காதீர்கள். அவள் இல்லை என்பாள். எதற்கும் இல்லை என்பதே அவள் வேலை.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவளும் அவள்தான். சர்க்கரைக்கு நடக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் கடைத்தெரு வரை நடக்கலாம் என்றேன். அவள் உப்பளத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தையலைப் பார்த்து இது யார் போட்டது என்று சொல்வாளே, அந்தக் கண்ணால் பறவையைப் பார்ப்பாள். நிறம் பார்க்க மாட்டாள். நடையைப் பார்ப்பாள். "ஓடுது, நிக்குது, கொத்துது, மறுபடி ஓடுது. இது உப்புக்கொத்தி. நூல் ஓட்டுற மாதிரி. ஓடிப்போய் ஒரு தையல், ஓடிப்போய் ஒரு தையல். அதோ அது தலையே தூக்காம டகடகன்னு கொத்துது, மிஷின் தையல். கொசு உள்ளான்." இப்படிப் பேசுவாள். இதெல்லாம் ஒரு அடையாளமா சார்? உருவம் முக்கியமில்லையா? கோடு முக்கியமில்லையா?

நான் வரைவேன். பார்த்தவுடனே வரைவேன். வரையும்போது கொஞ்சம் திருத்துவேன், அதில் தப்பென்ன? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரைந்த மாம்பழத்தை எல்லாம் திருத்தித்தானே மார்க் போட்டேன். கடவுள் சோம்பேறித்தனமாக விட்ட இடத்தில் ஒரு கோடு கூடப் போட்டால் பறவைக்கே நல்லது.

ஒருமுறை மஞ்சள் கால் உள்ளான் ஒன்று. நான் கறுப்புக் கால் என்று வரைந்தேன். அவள் எட்டிப் பார்த்து, "காலைக் கழுவிட்டு வரைங்க" என்றாள். என்னடி என்றேன். "சேறு படிஞ்சா எல்லாக் காலும் கறுப்புத்தான். தண்ணியில இறங்கி ஏறட்டும், அப்புறம் பாருங்க." இறங்கி ஏறியது. மஞ்சளாக இருந்தது. அது வேறு பறவையாகவும் இருக்கலாம் என்று அன்றைக்கே சொன்னேன். பெண்ணை முதலிலேயே தட்டி வைக்காதது என் குற்றம்தான்.

இதென்ன வாசனை, டப்பாவிலிருந்தா? மூடி சரியாக மூடவில்லையோ? திறந்தே கிடந்தால் ஈ மொய்க்கும். முருங்கைக்கீரை அடை. எனக்குத் தெரியும். காய்ந்த மிளகாயைக் குறைத்து, எனக்காக... யாருக்காக என்றா கேட்டீர்கள்? கேட்கவில்லையா? சரி.

தினமும் இப்படித்தான் அனுப்புகிறாள். இந்தப் பக்கம் எவன் வந்தாலும் கையில் ஒரு டப்பா. முந்தாநாள் ஒரு போலீஸ்காரர் கொண்டுவந்தார். என்னைக் கைது செய்யத்தான் வருகிறார் என்று எழுந்தே நின்றுவிட்டேன். டப்பா எல்லாம் வீட்டு அலமாரியில் அடுக்கிக் கிடக்கிறது. தின்கிறேன் என்று நினைக்காதீர்கள். அன்னத்தை எறியக் கூடாது, அதற்காக வாயில் போடுகிறேன். டப்பாவைத் திருப்பி அனுப்பாததற்குக் காரணம் வேறு. காலிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது அல்லவா? எங்கள் வீட்டு வழக்கம் அது. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரன் வீட்டில் சர்க்கரைக்கு எங்கே போவது? இது கடைசி டப்பா போலிருக்கிறது. மூடியைப் பாருங்கள், 'தவமணி' என்று பெயர் வெட்டியிருக்கிறதா? கல்யாணத்துக்கு வந்தது. பக்கத்தில் என் பெயர் வெட்ட இடம் இருந்தது. வெட்டவில்லை. அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கதைக்கு வருகிறேன். பொங்கல் கழிந்து பறவைக் கணக்கெடுப்பு என்று ஒரு பட்டாளம் வந்து இறங்கியது. பெரிய கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் தலைவர். நல்ல மனுஷர்தான். குரலை உயர்த்தவே மாட்டார். அவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அவர் பின்னால் கேமராக்காரர்கள். பீரங்கி மாதிரி லென்ஸ், காட்டுக்குப் போகிற சிப்பாய் மாதிரி பச்சைச் சட்டை, பேண்ட் முழுக்கப் பை. பறவையைப் பார்க்க மாட்டான்கள் சார். சுட்டுவிட்டு, குனிந்து கேமராவுக்குள் பார்ப்பான்கள். எதிரே உயிரோடு நிற்கிறதை விட்டுவிட்டு! பொண்டாட்டி எதிரே நிற்கும்போது கல்யாண ஆல்பத்தைப் பார்க்கிறவனை என்ன சொல்வீர்கள்?

எல்லோரும் இதே வரப்பில் நின்றோம். தவமணி ஸ்கோப்பில். நான் என் பைனாகுலரில். என்னுடையது இதோ. பழசு. உள்ளே கொஞ்சம் பூஞ்சை பிடித்திருக்கிறது, மார்கழிப் பனியில் பார்க்கிற மாதிரி இருக்கும். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, பழகின கண்ணுக்குப் பனி ஒரு பொருட்டா? பார்த்துக்கொண்டே வருகிறேன். கொசு உள்ளான், கொசு உள்ளான், கொசு உள்ளான். திடீரென்று ஒன்று திரும்பியது. மூக்கு. மூக்கின் நுனி. அகலமாக, தட்டையாக, கரண்டி மாதிரி!

உங்களுக்கு அதன் அருமை தெரியுமோ தெரியாதோ. கரண்டி மூக்கு உள்ளான் என்று ஒன்று உண்டு. வடதுருவத்துப் பக்கம் முட்டையிட்டு, கடல் கடந்து வருகிறது. உலகம் முழுக்கக் கூட்டினாலும் சில நூறுதான் மிச்சம் என்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுச் செத்தால் போதும் என்று எத்தனையோ பேர் பார்க்காமலே செத்துப்போனார்கள். அது, சார், அது எனக்கு முன்னால், இந்த நாற்றம் பிடித்த சேற்றில் நின்றுகொண்டு என்னையே பார்த்தது. "மாஸ்டர், நீங்களாவது என்னைக் கண்டுபிடித்தீர்களே" என்கிற மாதிரி.

வரைந்தேன். கரண்டியைக் கொஞ்சம் எடுப்பாகவே போட்டேன். அப்புறம் கத்தினேன். "கரண்டி மூக்கு!" வரப்பு முழுக்க ஓடி வந்தது. ஒரு கேமராக்காரன் வாய்க்காலில் விழுந்தே போனான். பேராசிரியர் என் படத்தை வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "மாஸ்டர், இது உண்மையா இருந்தா பெரிய செய்தி. ஆனா இப்படி அபூர்வமான பறவைக்கு இன்னொருத்தர் சாட்சி வேணும். வேற யாராவது நல்லாப் பார்த்தீங்களா?"

எல்லாத் தலையும் தவமணி பக்கம் திரும்பியது. அவள் அத்தனை நேரமும் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அதே பறவைமேல்தான் வைத்திருந்தாள். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். கட்டின மனைவி. சீதை மாதிரி நெருப்பில் இறங்கச் சொல்லவில்லை. "ஆமாம்" என்று ஒரு வார்த்தை. அவள் கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"சேறு."

அதோடு நிறுத்தினாளா? "மூக்கு நுனியில சேறு அப்பியிருக்கு. கரண்டி மூக்கா இருந்தா விளக்குமாறு மாதிரி ரெண்டு பக்கமும் கூட்டிக்கிட்டே போகும்னு படிச்சிருக்கேன். இது டகடகன்னு கொத்துது. மிஷின் தையல்தான். கொசு உள்ளான்."

அந்தச் சனியனும் அந்த நேரம் பார்த்து வாய்க்கால் ஓரமாகப் போய், மூக்கைத் தண்ணீரில் விட்டு ஒரு உதறு உதறியது. நிமிர்ந்தபோது கரண்டியைக் காணோம். ஊசி மூக்கு. கேமராக்காரர்கள் சிரித்தார்கள் பாருங்கள்! வாய்க்காலில் விழுந்தவன் சேறும் சகதியுமாக எழுந்து நின்று, "மாஸ்டர், என்னையும் வரையுங்க, நானும் அபூர்வந்தான்" என்றான். சீ! அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள்.

நான் விளக்கினேன். நிஜக் கரண்டி மூக்கன் பறந்துபோய்விட்டது, அதன் இடத்தில் இது வந்து நின்றது, ஒரு நொடியில் நடந்தது என்றேன். அல்லது அந்தக் கரண்டியை மடக்கிக்கொள்ளும் சக்தி அதற்கு இருக்கலாம், யார் கண்டது என்றேன். பேராசிரியர் என் படத்தை மடித்து என் கையில் கொடுத்து, "படம் ரொம்ப நல்லா இருக்கு மாஸ்டர்" என்றார். அந்த மரியாதைதான் சார் என்னால் தாங்க முடியவில்லை. செருப்பால் அடித்திருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன்.

இந்த அடை கொஞ்சம் காரம் பத்தவில்லை. நீங்கள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாமா? சரி, நானே...

அப்புறமா? அப்புறம் என்ன. வாயில் வந்ததைச் சொன்னேன். எல்லோரும் சொல்கிறதுதான். "இவ கண்ணுல புரை விழுந்து வருஷம் ஒண்ணாச்சு. ஊசியில நூல் கோக்கத் தெரியாதவ, மூக்குல சேறு பார்க்கிறாளாம்!" என்றேன். அவ்வளவுதான். பொய்யில்லையே. புரை இருந்தது. தையல் டீச்சர் என்பதால் வெளியே சொல்ல வேண்டாம் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். காலையில் காபி ஆனதும் நான்தான் ஊசிக்கெல்லாம் நூல் கோத்து நாள்காட்டி அட்டையில் குத்தி வைப்பேன். பகலில் தைக்க வருகிற பெண்கள் எதிரே அவள் கை போய் ஊசியை எடுக்கும், நூலோடு வரும். யாருக்கும் தெரியாது. அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் என்ன? கணக்கெடுப்புக்கு வந்தவன் எவனும் அவளிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப்போகிறானா?

அவளா? குடையை மடக்கினாள். ஸ்கோப்பைத் தோளில் போட்டுக்கொண்டாள். நேரே தங்கச்சி வீடு. ஒரு பறவைக்காக! ஒரு கொசு உள்ளானுக்காக, சார், ஒரு குடும்பம் இரண்டாகப் போனது. வேறு எதற்காக என்கிறீர்கள்? என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? பறவைக்காகத்தான். நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு காரணமே அகப்படவில்லை.

பழக்கதோஷம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. இப்பவும் காபி ஆனதும் கை ஊசியைத் தேடுகிறது. கோத்துக் கோத்துக் குத்தி, நாள்காட்டி முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. தேதி கிழிக்க இடமில்லை. எனக்கு இன்னும் தை மாதம்தான் நடக்கிறது.

ஊரில் என் பெயர் இப்போது சேத்து மாஸ்டர். டீக்கடையில் டம்ளரைக் கையில் கொடுக்கும்போதே, "மாஸ்டர், அடியில இருக்கிறது டீத்தூள்தான், சேறில்லை" என்கிறான். இதெல்லாம் அவளால். அவள் அன்றைக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு கரண்டி மூக்கு கூடினால் உலகத்துக்கு நல்லதுதானே?

அது என்ன, ரோட்டில் புழுதி கிளம்புகிறது? உங்கள் பைனாகுலரைக் கொஞ்சம் கொடுங்கள். என்னுடையதில் கார் கூடத் தெரியாது... அட! அடடா. என்ன சார் இது, இப்படியா தெரியும்? உப்புக் கல் தனித்தனியாகத் தெரிகிறதே. கார் இல்லை, உப்பு லாரி. அவள் என்ன செய்கிறாள்? கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறாள். வெயிலில் உட்காராதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கேட்பாளா? ஈரத் துணியால் மெதுவாக ஒரு ஒத்து ஒத்தினால்...

இருங்கள். உள்ளான் கூட்டம். சிலதுக்கு மாரில் செம்மை ஏறிவிட்டது, கிளம்பப்போகிறது எல்லாம். இன்னும் கொஞ்ச நாளில் இந்தப் பாத்தி காலி. அந்த ஓரத்தில் ஒன்று... மூக்கு நுனியில்... ம்.

ஒன்றுமில்லை சார்.

ஒன்றுமில்லை என்றேனே. கொசு உள்ளான். டகடகவென்று கொத்துகிறது. கொசு உள்ளான்தான். மூக்கில் என்னவோ. அதற்கு என்ன இப்போது? நான் பார்த்தது வேறு. நான் பார்த்தது வேறு என்றுதான் சொல்கிறேன்.

அடை தீர்ந்துவிட்டதா? நீங்களா சாப்பிட்டீர்கள்? நானா? சரி.

இந்த டப்பாவை இன்றைக்குக் கொடுத்துவிட வேண்டும். கல்யாண டப்பா. அவள் திருச்சிக்குப் போகிறபோது அவள் பெயர் போட்ட சாமான் என் வீட்டில் எதற்கு? கொடுத்துக் கழித்துவிட வேண்டும். ஆனால் காலியாகக் கொடுக்க முடியாதே. என்ன போடுவது? சுற்றிலும் உப்பு மலை மலையாகக் கிடக்கிறது, போடலாம்தான். உப்பைக் கைமாற்றினால் சண்டை வரும் என்பார்கள். இருக்கிற சண்டை போதும். உங்கள் பையில் மிட்டாய் ஏதாவது? இல்லையா? பறவை பார்க்க வருகிறவன் ஒரு மிட்டாய் கூட இல்லாமல் வருவானா? வேறு என்னதான் இருக்கிறது இங்கே?

இருக்கிறது ஒன்று.

தள்ளுங்கள் கொஞ்சம். சீ, நாற்றம்! கையால் தொட மாட்டேன். ஒரு காகிதம் இருந்தால்... சட்டைப் பையில் இதுதான் இருக்கிறது. என்ன காகிதமா? அதுதான், அந்தப் படம். பையிலேயே கிடந்து மடிப்பு விட்டுப் போச்சு. வேறு காகிதம் இல்லாததால்தான் சார், வேறு ஒன்றும் கற்பனை பண்ணாதீர்கள். இப்படி மடித்து, இப்படி அள்ளி... கருமம், கருமம். விரலில் பட்டுவிட்டது. காகிதத்தோடு போட்டு மூடிவிடுவோம். போகட்டும்.

ஏ அஞ்சலை! உப்பு வாரப் போறவளே! இங்க வா. இந்த டப்பாவை மதகடியில டீச்சர்கிட்ட குடுத்துடு. என்னவா? திறந்து பார்க்காதே, குடு. "ஐயா என்ன சொன்னாங்க"ன்னு கேட்டா ஒண்ணும் சொல்லலேன்னு சொல்லு. என்ன சிரிப்பு? போ.

நீங்களும் சிரிக்கிறீர்கள். இது ஒப்புதல் இல்லை சார், நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். இது வசவு. முகத்தில் சேறு அடிக்கிறது என்று கேள்விப்பட்டதில்லையா? அதைத்தான் டப்பாவில் போட்டு, மூடி, மரியாதையாக அனுப்பியிருக்கிறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னேனா? நீங்கள் சாட்சி. சொல்லவில்லை.

பைனாகுலரை இப்படிக் கொடுங்கள். இருங்கள், பறிக்காதீர்கள், தருகிறேன். அஞ்சலை போய்ச் சேர்ந்துவிட்டாள். கொடுக்கிறாள். தவமணி என்னவோ கேட்கிறாள். அஞ்சலை கையை விரிக்கிறாள். நல்ல பெண், சொன்னபடி சொல்கிறாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை. கனத்தைப் பார்க்கிறாள். மூடியில் பெயரைத் தடவுகிறாள். திற, திற, கார் வந்துவிடப்போகிறது.

திறந்துவிட்டாள்.

காகிதத்தை எடுக்கிறாள். பிரிக்கிறாள். சேறு சேலையில் வழிகிறது, அதைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு பார்க்கிறாள். அத்தனை கிட்டே வைத்தால்தான் தெரிகிறது போலிருக்கிறது. இவ்வளவு மோசமாகவா இருக்கிறது? என்னிடம் சொல்லவே இல்லையே. எப்படிச் சொல்வாள், பேசினால்தானே. ஊசி, நூல் எல்லாம் அங்கே யார் கோத்துக் கொடுக்கிறார்கள்? அந்தத் தங்கச்சிக்கு ஒரு பொத்தான் தைக்கத் தெரியாது.

இப்போது என்ன செய்கிறாள்? ஒரு விரலை டப்பாவுக்குள் விடுகிறாள். சீ. எடுக்கிறாள். என்னடி செய்கிறாய்? எதற்கு முகத்துக்குக் கொண்டுபோகிறாய்...

சார்.

மூக்கில் வைத்துக்கொண்டாள் சார். மூக்கு நுனியில். அப்பிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், இளவரசி மாதிரி. சீ! பேரன் பேத்தி எடுத்தவள் செய்கிற காரியமா இது? சீ, சீ! ஸ்கோப்பை இந்தப் பக்கம் திருப்புகிறாள். என்னைத்தான் பார்க்கிறாள். அந்தக் கண்ணுக்கு நான் தெரிகிறேனோ, வெறும் வெள்ளைச் சட்டை தெரிகிறதோ. தலையை ஆட்டுகிறாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கூட்டுகிறாள் சார்! விளக்குமாறு மாதிரி கூட்டிக் காட்டுகிறாள்!

பிடியுங்கள் உங்கள் பைனாகுலரை. பார்த்துச் சொல்லுங்கள், அது என்ன? கொசு உள்ளானா? இல்லை, நீங்களே சொல்லுங்கள். நான் அன்றைக்குச் சொன்னபோது எவன் கேட்டான்? இந்த உப்பளத்தில் ஒரு கரண்டி மூக்கு உண்டு என்றேனே!

அது யார் கார்? வெள்ளைக் கார், ரோட்டு முனையில் திரும்புகிறதே. பொற்கொடிதான். வரப்பைச் சுற்றிக்கொண்டு போனால் நான் போய்ச் சேர்வதற்குள் அவளை ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். அந்தப் பெண்ணுக்கு எப்போதும் அவசரம். நேரே போனால் ஒரு பாத்திதான்.

இந்தச் செருப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் சார். வேட்டியை... அப்படித்தான். கையைக் கொடுங்கள். இறங்குகிறேன். ஐயோ! கருமம், கருமம்! கணுக்காலுக்கு ஏறிவிட்டது. என்ன நாற்றம், என்ன நாற்றம்! ஏய் தவமணி! அப்படியே இரு, துடைச்சுடாதே, வர்றேன்!